பெயர் சொல்லாமல் வாசித்த மன்றாட்டு

மகன்,

உன்னுடைய செய்தி வந்து இன்றோடு மூன்று கிழமை. நான் அதை வாசித்துவிட்டேன் என்று உன் போனே உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆகவே பார்க்கவில்லை என்று பொய் சொல்லவும் எனக்கு வழியில்லை. நாலு தரம் பதில் எழுதத் தொடங்கி நாலு தரமும் அழித்தேன். கடைசியில் இன்று காலை அம்மா சந்தைக்குப் புறப்பட்டதும் சாப்பாட்டு மேசையில் கடதாசியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேனை எனக்குப் பழகிய சாமான். கப்பலில் வந்து இறங்கியதையெல்லாம் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் வாஃப் கிளார்க்காக முப்பத்தைந்து வருஷம் படிவம் நிரப்பியவன் நான். ஒரு சொல் பிழைத்தால் ஒரு கொள்கலன் முழுக்கத் துறைமுகத்தில் கிடந்து காயும் என்று அறிந்தவன். அப்படிப்பட்டவன்தான் இப்போது முதல் வரிக்கே தடுமாறிக்கொண்டு இருக்கிறேன்.

நீ கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மெல்பேர்னில் ஒரு பூங்காவில், பதிவாளர் முன்னால், உனக்கும் நிமேஷுக்கும் கல்யாணம். கையெழுத்துப் போட்டு முடிந்ததும் எல்லோரும் நின்றபடி ஒரு சிறு செபம். "அப்பா, மன்றாட்டை நீங்கதான் வாசிக்கணும். வேற ஆரும் வாசிச்சா எனக்கு அது மன்றாட்டு மாதிரி இராது" என்று எழுதியிருந்தாய். வாசிப்பேனா மாட்டேனா என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு ஓம், ஒரு இல்லையைச் சொல்ல முடியாமல் மூன்று கிழமையாகச் சோறு இறங்காமல் திரிகிறேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள். சீனி கூடிவிட்டதோ என்று நேற்று இரத்தம் சோதிக்கக் கூட்டிப் போனாள். சீனி சரியாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பயம், மகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வெட்கமாகிவிடும். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் திருமணம் என்று படித்து வளர்ந்தவன் நான். கல்யாணம் முடிக்கப் போகும் சோடிகளுக்குக் கோயில் மண்டபத்தில் நானும் அம்மாவும் பதினைந்து வருஷம் வகுப்பு எடுத்தோம். எத்தனை பேருக்கு அதை வாயால் சொன்னேன் என்று கணக்கில்லை. இப்போது உன் பக்கத்தில் நின்று மன்றாட்டு வாசித்தால், நாளைக்கு ஆண்டவர் முன்னால் நிற்கும்போது அவர் என்ன கேட்பாரோ என்று பயம். கொட்டாஞ்சேனையில் நம் கோயிலில் பூசை முடிந்து வாசலில் நிற்கும் சனம் என்ன கதைக்குமோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீ சண்டை பிடிக்கிற பிள்ளை இல்லை. மாட்டேன் என்று நான் சொன்னால் "பரவாயில்லை அப்பா" என்பாய். கிழமைக்கு மூன்று தரம் எடுக்கிற போன் ஒரு தரமாகும். பிறகு கிறிஸ்மஸுக்கு மட்டும் என்றாகும். நீ மெல்ல மெல்ல விலகிப் போவாய், எந்த நாளில் போனாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

நிமேஷைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. மொரட்டுவைச் சிங்களப் பிள்ளை. உன் சிநேகிதன் என்று ஆறு வருஷம் இந்த வீட்டுக்கு வந்து போனவன். அம்மாவின் நண்டுக் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டு, "ஆன்ட்டி, தவ டிகக்" என்று இன்னும் கொஞ்சம் கேட்டவன். குசினிக் குழாய் ஒழுகினால் உனக்குச் சொல்ல மாட்டேன், அவனுக்குத்தான் சொல்வேன். உனக்கு ஸ்பானர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. மகனுக்கு வாய்த்த சிநேகிதன் தங்கமான பிள்ளை என்று ஒழுங்கை முழுக்க நானே பறைசாற்றினேன். உன் வயதுப் பிள்ளைகள் சிங்களப் பெட்டையைக் கட்டிவிடுவார்களோ என்றுதான் எங்கள் காலத்துத் தகப்பன்மார் காவல் இருந்தோம். நாங்கள் முன் கதவைப் பூட்டிவிட்டுக் குந்தியிருக்க, நீ பின் கதவால் மொரட்டுவைக்குப் போய்விட்டாய். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கலாமா என்றும் தெரியவில்லை.

ஆனால் உன் செய்தியின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். "பதினாறு வயசிலயே உங்களுக்குச் சொல்ல இருந்தனான். சொன்னா நீங்க அதை எழுதிக் கோயில்ல வாசிச்சிடுவீங்க எண்டு பயந்து விட்டிட்டன்." வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று போனைக் கட்டிலில் எறிந்தேன். பிறகு, நீ எந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறாய் என்று எனக்கு விளங்கிற்று. அந்த ஞாயிறு உனக்கு நினைவில்லை என்று இத்தனை வருஷமும் நான் என்னையே ஏய்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலின் பக்கக் கதவுக்கருகில் இருந்த மன்றாட்டுப் பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது. யாரும் ஒரு துண்டில் தங்கள் வேண்டுதலை எழுதிப் போடலாம். சனிக்கிழமை பின்னேரம் நான் அதைத் திறந்து, துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் பூசையில் வாசிக்கத் தக்க மாதிரி எழுதுவேன். வந்ததை வந்தபடி வாசிக்க முடியாது. "என் மச்சாள் எனக்குச் செய்வினை வைத்திருக்கிறாள், ஆண்டவரே அவளைத் தண்டியும்" என்று ஒருத்தி எழுதியிருப்பாள். நான் அதைக் குடும்பங்களில் சமாதானம் நிலவும்படியாக என்று மாற்றுவேன். கட்டாருக்கு விசா கேட்டவன் வேலை தேடும் இளைஞர்கள் ஆவான். பெயர்களை எடுத்துவிடுவேன், வீட்டு விஷயங்களை எடுத்துவிடுவேன், இலக்கணம் திருத்துவேன். இதில் எனக்கு இருந்த பெருமையை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். பங்குத்தந்தையர் வந்தார்கள், மாறிப் போனார்கள். மன்றாட்டு மட்டும் என் கையிலேயே இருந்தது. மற்றவர்கள் ஆண்டவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று எப்போது நம்பத் தொடங்கினேனோ தெரியவில்லை.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. பாடகர் குழுவில் நின்றாய். கீபோர்ட் வாசித்தவள் ஸ்டெல்லா. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். இருபத்தொரு வயதுப் பிள்ளை, நம் ஒழுங்கையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் வீடு. ஒரு சனிக்கிழமை பெட்டியில் ஒரு துண்டு இருந்தது. "நான் கர்ப்பமாக இருக்கிறேன். வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் கிடைக்க எனக்காகச் செபியுங்கள்." பெயர் இல்லை. ஆனால் பாட்டுக் கொப்பியெல்லாம் அவள்தான் பிரதி எடுத்துத் தருவாள், அந்தச் சரிந்த எழுத்து எனக்குத் தெரியாதா? நான் அந்த ஐந்து நிமிஷம் நடந்து போயிருக்கலாம். அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருப்பாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை பயத்தில் கருவை அழித்துவிடுமே, அதைத் தடுக்க வேண்டுமே என்று பேனையை எடுத்தேன். அவளுடைய துண்டில் அழிப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை நானே யோசித்தேன், நானே பயந்தேன், நானே எழுதினேன். பாடகர் குழுவிலுள்ள ஒரு சகோதரி என்று முதலில் எழுதி, அது காட்டிக் கொடுத்துவிடும் என்று பாடகர் குழுவை வெட்டினேன். வெட்டியதோடு நான் மிகவும் கவனமான மனிதன் என்று நிம்மதியும் பட்டேன்.

மறுநாள் வாசகமேடையில் நின்று அதை வாசித்தேன். "நமது பங்கில் கல்யாணமாகாமல் கருவுற்றிருக்கும் ஒரு சகோதரி, தன் வயிற்றில் வளரும் சிசுவை அழிக்கும் பாவத்துக்கு உட்படாதிருக்கும்படியாக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." ஒவ்வொரு மன்றாட்டுக்கும் பிறகு கீபோர்ட் சுரம் எடுக்கும், அதைப் பிடித்துச் சனம் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பாடும், உனக்குத் தெரிந்ததுதான். முந்திய மூன்றுக்கும் சுரம் வந்தது. அதற்கு வரவில்லை. நான் தாளைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றேன். சனமும் காத்துக்கொண்டு நின்றது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் பாடகர் குழுவைப் பார்த்தார்கள். முன்வாங்கிலிருந்து அவளுடைய தாயும் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நீ அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த மன்றாட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நீ கேட்டாய், "அப்பா, அது ஸ்டெல்லா அக்காவையா சொன்னீங்க?" என்று. "பேசாமச் சோத்தைத் தின்" என்றேன். நீ தின்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை, ஒன்றுமே சொல்லவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ உன்னை அடித்தது, மூக்கில் இரத்தம் வந்தது, எல்லாவற்றையும் நான் அடுத்த வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். இந்தப் பிள்ளை வாயில்லாப் பூச்சி என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் வாயை அடைத்தவன் யார் என்று யோசிக்கவில்லை.

நாலாம் நாள் ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி செய்த வேலை. இரத்தம் நிற்கவில்லை. பிள்ளையும் போய், கர்ப்பப்பையையும் எடுத்துத்தான் உயிரைப் பிடித்தார்கள். அது சட்டப்படி குற்றம் என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் வந்து நின்றது. அந்தக் குடும்பம் இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பார்த்தீர்களா, நான் பயந்த மாதிரியே செய்துவிட்டாளே என்று சொன்னேன். அம்மா அன்று என்னைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

வருஷங்கள் போயின, நீயும் மெல்பேர்னுக்குப் போனாய், எனக்குப் புத்தி வரவில்லை. போன வருஷம் சட்டங்களை மாற்றப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டபோது, மன்றாட்டொன்று எழுதித் தரச் சொன்னார்கள். கருக்கலைப்பும் ஒருபால் திருமணமும் இந்த நாட்டில் சட்டமாகாதிருக்கும்படியாக என்று இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தேன். பூசை இப்போது போனிலும் போகிறது. என் குரலைக் கேட்பதற்காக ஞாயிறு தோறும் நீ அதைப் போட்டுப் பார்ப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்கும் பார்த்தாயா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதைவிட வெட்கமானது இது. உன் செய்தி வந்த கிழமை, சனிக்கிழமை பின்னேரம், பெட்டித் துண்டுகளோடு நானும் ஒன்று எழுதிச் சேர்த்தேன். வெளிநாட்டில் வழிதவறிய ஒரு மகன் மனந்திரும்பும்படியாக. பெயர் போடவில்லை, நாடும் போடவில்லை. மிகவும் கவனமான மனிதன் அல்லவா! அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவள் அதைக் கண்டுவிட்டாள். கோப்பையை மெல்ல வைத்தாள்.

"இதையும் வாசிக்கப் போறீங்களோ?"

நான் தாளைக் கையால் மூடினேன்.

"நான் மெல்பேர்னுக்குப் போறது போறதுதான். சீலையும் எடுத்திட்டன். நீங்க வாறதெண்டா வாங்க, இல்லாட்டி வீட்டைப் பாத்துக்கொண்டு இருங்க. ஆனா அதுக்கு முதல் நாளைக்குப் பின்னேரம் என்னோட வெள்ளவத்தைக்கு வாங்க."

"வெள்ளவத்தையில ஆர் இருக்கினம்?"

"நீங்க துரத்தின பிள்ளை இருக்கு" என்றாள்.

பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அம்மா ஸ்டெல்லாவைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறாள். வெள்ளவத்தைக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். வருஷம் முழுக்கப் படிவங்களில் பிழை பிடித்த எனக்கு, வெறுங்கையோடு திரும்பி வருகிற மனைவியிடம் துணி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சனிக்கிழமைத் துண்டை நான் கிழித்தேன். நீ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், மனம் மாறிக் கிழிக்கவில்லை. அம்மாவுக்குப் பயந்து கிழித்தேன்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்கு ஸ்டெல்லா கீபோர்ட் சொல்லிக் கொடுக்கிறாள். தலை நரைத்துவிட்டது. எனக்குக் கதவைத் திறந்தவள், "வாங்க அங்கிள்" என்றாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாள். நான் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போன வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. மன்னித்துக்கொள் பிள்ளை என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

"என்னத்துக்கு இப்ப வந்தனீங்க அங்கிள்? எனக்காகவோ, இல்லாட்டி உங்கட மனம் ஆறவோ?"

"ரெண்டுக்கும் எண்டுதான் நினைக்கிறன்."

"அது உண்மை. அப்ப இருங்க" என்றாள். "நான் அந்தத் துண்டில என்ன எழுதினனான் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. வீட்டில சொல்லத் தைரியம் வேணும் எண்டு."

"அவ்வளவுதானே கேட்டனான்! பெறுறதுக்குத்தான் இருந்தனான் அங்கிள். பேரும் யோசிச்சு வச்சிருந்தன். நீங்க வாசிச்சு முடிய, அப்பா என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனார். ஊர் முழுக்கத் தெரிஞ்ச பிறகு இது வயித்தில இருக்கக் கூடாதெண்டு வீட்டாக்கள்தான் முடிவெடுத்தவை. என்னை ஒருத்தரும் கேக்கேல்ல. நீங்களும் கேக்கேல்ல."

நான் கோப்பையை நீட்டினேன். அம்மா வாங்கி வைத்தாள். எந்த உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தத் தாளை எழுதினேனோ, அந்த உயிர் அந்தத் தாளால்தான் போனது. இதை எழுதிவிட்டு ஒரு மணித்தியாலம் எழும்பி முற்றத்தில் நடந்துவிட்டு வந்துதான் அடுத்த வரியை எழுதுகிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "சில நாள் மன்னிப்பன், சில நாள் ஏலாது. இண்டைக்கு எப்பிடி எண்டு தெரியேல்ல. ஆனா இனியும் வாங்க" என்றாள். வெளிக்கிடும்போது உன்னைப் பற்றி அம்மா சொன்னாள். ஸ்டெல்லாவுக்கு உன் கல்யாணம் முன்பே தெரிந்திருந்தது. நீ அவளோடு கதைக்கிறாய் என்பதும் எனக்குப் புதிது. "தம்பி உங்களை வாசிக்கக் கேட்டவனாம். வாசிங்க அங்கிள். ஆனா இந்த முறை கேட்டதை மட்டும் வாசிங்க" என்றாள்.

மகன், நான் மாறிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டு பிறகு ஏமாறக் கூடாது. கருவில் இருப்பது உயிர் என்று இன்றும் நம்புகிறேன். முன்பைவிடக் கூட நம்புகிறேன், அதனால்தான் இந்தப் பாரம். ஆனால் அந்த நம்பிக்கை மெய்யானால் அது ஐந்து நிமிஷம் நடந்து போய், அந்தப் பிள்ளையின் தகப்பன் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். தொட்டில் வாங்கியிருக்க வேண்டும். மேடையில் நின்று வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து மீன் குழம்போடு சாப்பிட்டிருக்கக் கூடாது. உன் விஷயத்தில் நான் இன்னும் தெளியவில்லை. கோயிலில் அதற்கு இடமில்லை, உனக்கும் தெரியும், நீயும் கேட்கவில்லை. அங்கே ஒரு உயிர் போனது. இங்கே யாருடைய உயிர் போகிறது என்று எனக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தது பிழை என்றளவுக்கு மட்டும் தெளிவு வந்திருக்கிறது. மற்றதைப் பாவசங்கீர்த்தனத்தில் வைத்திருக்கிறேன். ஃபாதர் இளம் பிள்ளை, "மகனை விட்டிடாதீங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை போல.

வேதத்தில், பாவி என்று கல் எறியக் கூட்டி வந்த பெண்ணின் முன்னால் ஆண்டவர் குனிந்து மண்ணில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. என்னிடம் கொடுத்திருந்தால் திருத்தி எழுதிச் சத்தமாக வாசித்திருப்பேன்.

கல்யாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது முறை. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நிமேஷ் உன்னிடம் ஏதாவது சொன்னால், அதை அவன் சொன்ன அளவிலேயே கேள். அவன் சொல்லாததை நீ பயந்து சேர்க்காதே. அவன்மேல் கோபம் வந்தால் அவனுக்காகச் செபிக்கிறேன் என்று மூலையில் போய்க் குந்தாதே, நேரே போய்க் கதை. அம்மா எனக்காகச் செபித்ததைவிட என்னை வெள்ளவத்தைக்கு இழுத்துக்கொண்டு போனதுதான் வேலை செய்தது. இன்னொன்று. நீங்கள் இருவரும் இங்கே வரும்போது கவனமாக இருங்கள். ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கும் அந்தப் பழைய சட்டம் இன்னும் புத்தகத்தில்தான் கிடக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் வாருங்கள். குசினிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

இதை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஊர் கேட்கச் செய்த பிழையை ஊர் கேட்கச் சொல்வதுதான் முறை. சுத்தமாகப் பிரதி எடுக்கும் முன் ஸ்டெல்லாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள், அவற்றை எடுத்துவிட்டேன். பெயரை மாற்றவா என்று கேட்டேன், அந்தப் பெயரை அவளே தெரிந்தெடுத்தாள். உன்னையும் நிமேஷையும் கேட்காமல் இதை ஒருவருக்கும் காட்ட மாட்டேன். உங்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் இந்தக் கடதாசி உன்னோடேயே இருக்கட்டும். யாராவது வேற்று ஆள் இதை வாசிக்கிறார் என்றால் நீங்கள் இருவரும் ஓம் சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வருகிறேன், மகன். அம்மாவோடு வருகிறேன். வாசிக்கிறேன். ஆமென் சொல்லும் இடத்தில் என் குரல் வராமலும் போகலாம், அப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நீயும் நிமேஷும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள். ஒரு சொல்லை வெட்ட மாட்டேன், ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டேன், இலக்கணம் பிழைத்திருந்தாலும் பிழையோடு வாசிப்பேன். அதற்குக் கீழே இடம் இருந்தால் என்னுடைய துண்டு ஒன்றையும் சேர்த்துக்கொள். அதை நீ வாசி. இந்த முறை பெயர் போடலாம்.

"ஜெரோமின் அப்பாவுக்காக. தன் மகன் ஒன்றைச் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா பக்கத்தில் இருக்க அவருக்குத் தைரியம் கிடைக்க, அவருக்காகச் செபியுங்கள்."